மேட்டு பங்களாவுக்குச் சாய்தளம்

மாரமங்கலம்,
10.6.2024

அன்புத் தங்கை ரஞ்சனிக்கு, அக்கா புஷ்பலதா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சௌமியாக் குட்டியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்களா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நான்கு முறை போன் போட்டேன். நான்கு முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். "அவ ஷெட்டுல முட்டை பொறுக்கறாளுங்க அக்கா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்றார். ஒவ்வொரு முறையும் என் முழங்கால் வலியை மறக்காமல் விசாரித்தார். கடைசியில் அவரே சொன்னார், "விசயம் நீளமா இருந்தா ஒரு லெட்டர் போட்டுருங்க, அவ ஓய்வாப் படிப்பா" என்று. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மேட்டு பங்களா நம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டது! காப்பித் தோட்டம் போட்ட துரை நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் கட்டியது. எஸ்டேட் பல கை மாறி, குத்தகை முடிந்து, கட்டடம் மட்டும் நம் கையில். விடுதி ஆக்கினால் டூரிஸ்ட் வருவார்கள் என்றார் ஒருவர். திருமண மண்டபம் என்றார் இன்னொருவர். நான் வார்டு மெம்பர் ஆனதற்கு ஒரு நல்லதாவது செய்யவேண்டாமா? எழுந்து நின்று சொன்னேன்: பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்கள் பத்துப் பதினைந்து நாள் முன்பே வந்து தங்கும் வீடாக்குவோம் என்று. ரோடு இல்லாத ஊர்களிலிருந்து கடைசி நிமிஷத்தில் தூளியில் தூக்கி வருகிறோம். போன மழையில் காளியாயியின் மருமகள் வழியிலேயே குழந்தையைப் பறிகொடுத்தாள். அதைச் சொன்னதும் எல்லாரும் கை தூக்கினார்கள்.

தீர்மானம் போட்டாயிற்று. ஆனால் அந்தக் கட்டடத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நம் ஊரில் சிவில் டிப்ளமோ படித்தவள் நீ ஒருத்திதான். யோசனை சொல்லு.

உன் அக்கா,
புஷ்பலதா

*

கோழிப்பண்ணை, நாமக்கல்,
29.6.2024

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் மூவரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? மாமாவுக்கு என் வணக்கம்.

உன் கடிதத்தை அவரும் படித்தார். "உங்கக்கா நல்லா எழுதறாங்க" என்றார்.

மேட்டு பங்களா என்றதும் எனக்குக் கை பரபரத்தது. அதை நான் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. நம் ஆட்கள் யார்தான் பார்த்திருக்கிறோம்? அப்பாவோடு மிளகு மூட்டை கொண்டுபோனபோது பின்பக்கச் சமையல்கட்டு வரைக்கும் போயிருக்கிறேன். ஆகவே முதலில் நீ அளந்து எழுத வேண்டும். டேப் பிடிக்க மாமாவைக் கூட்டிப்போ. ஒவ்வொரு அறையின் நீளம், அகலம், கூரை உயரம். ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடியில் தொடங்குகிறது. சுவர் எவ்வளவு தடிமன். முன்வாசலில் எத்தனை படி, ஒரு படி எத்தனை அங்குலம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும் சுவரில் சிமெண்ட் பூச விடாதே. அது சுண்ணாம்புக் காரைச் சுவர். ஈரத்தை வாங்கும், பிறகு வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். இரண்டு மழையில் பெயர்ந்து விழும். பச்சைக் குழந்தைக்காரிகள் படுக்கும் இடம்.

அளவுகளை எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரஞ்சனி

*

மாரமங்கலம்,
14.7.2024

அன்பு ரஞ்சனிக்கு, இங்கே சாரல் தொடங்கிவிட்டது. மாமாவுக்குச் சளி. மற்றபடி குறை இல்லை. அங்கே வெயில் எப்படி? சௌமியாவுக்கு வேர்க்குரு வரும், பார்த்துக்கொள்.

அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன. மாமா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "உன் தங்கச்சி அங்கிருந்தே என்னைய வேலை வாங்கறா" என்று முணுமுணுத்தார். முன்வாசலில் பதினான்கு படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். கூடம் ஒன்றே நம் வீடு மூன்றைக் கொள்ளும்.

நேற்று அங்கேயே பெண்கள் கூட்டம் போட்டோம். பிளாக் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி, முகப்பு பழைய மாதிரியே இருக்க வேண்டும், பின்வாசல் தாழ்வாக இருப்பதால் பெண்கள் அந்தப் பக்கமாக வரட்டும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. காளியாயி எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க சார், பின்வாசல் எங்களுக்குத் தெரியாததுங்களா? எங்கம்மா அந்த வழியாத்தான் சாணி அள்ளப் போச்சு. நானும் அந்த வழியாத்தான் பாத்திரம் கழுவப் போனேன். எம் மருமவளும் அதே வழியில போறதுக்கு இந்த ஊடு எங்களுக்கு எதுக்குங்க? தொரையே இருந்துட்டுப் போகட்டும்."

"அம்மா, முன்னாடி பதினாலு படி இருக்கு. மாசமா இருக்கறவங்க எப்படி ஏறுவாங்க?"

"அதுக்குத்தான் நீங்க படிச்சிருக்கீங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும்தான். இன்னும் சில கோரிக்கைகள்: தனித்தனி அறையில் படுக்க பயமாக இருக்கிறது, கூடத்தில் சேர்ந்து படுக்க வேண்டும். கட்டில் வேண்டாம். களி கிண்டத் தரையோடு அடுப்பு வேண்டும். துணைக்கு வரும் மாமியாருக்கும் இடம் வேண்டும்.

ரஞ்சனி, நீயே ஒரு நாள் வந்து பாரேன். நாமக்கல்லில் ஏறினால் சேலம், அடிவாரம், ஏற்காடு ஒண்டிக்கடை. மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். மூன்று வருஷமாக நீ மலை ஏறவில்லை. அப்பா காரியத்துக்கு வந்ததுதான், அதுவும் அன்றே திரும்பிவிட்டாய்.

அக்கா,
புஷ்பலதா

*

கோழிப்பண்ணை,
20.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நாங்கள் நலம். மாமாவின் சளி போய்விட்டதா?

வரைபடம் வைத்திருக்கிறேன். மூன்று தாள். மடிப்பில் கிழியாமல் பிரி.

காளியாயி அக்கா சொன்னதுதான் சரி. முன்வாசலுக்குச் சாய்தளம் போடலாம். பதினான்கு படி என்றால் ஏழு அடி உயரம். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மொத்தம் எண்பத்து நான்கு அடி. நேராகப் போட்டால் தோட்டத்தையே தாண்டிவிடும். அதனால் கிழக்குப் பக்கமாக நாற்பத்திரண்டு அடி போய், ஒரு சமதளத் திண்டில் திரும்பி, மறுபடி நாற்பத்திரண்டு அடி வந்து வராந்தாவில் சேர்கிறது. திருப்பத்தில் உட்கார ஒரு கல் மேடை. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஒன்று இடுப்பளவு, ஒன்று குழந்தைகளுக்கு எட்டும்படி. படிகளை உடைக்கவே வேண்டாம், அதிகாரியும் மறுக்கமாட்டார்.

கூடத்தையும் சமையல்கட்டையும் பிரிக்கும் சுவரில் ஆறடிக்கு ஒரு திறப்பு. அடுப்படியில் இருப்பவளும் கூடத்தில் படுத்திருப்பவளும் பேசிக்கொள்ளலாம். துரை குளிர்காய வைத்த கணப்பு இருக்கிறதே, அதன் புகைபோக்கி நன்றாக இருந்தால் அதன் வாயைத் தாழ்த்தி அங்கேயே களி கிண்டலாம். ஜன்னல்கள் நான்கடி உயரத்தில் இருக்கின்றன. தரையில் பாய் போட்டுப் படுப்பவளுக்கு வானம் தவிர ஒன்றும் தெரியாது. கீழ்ப்பகுதியை இரண்டடி இறக்கச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் பகல் முழுக்க உள்ளே கிடப்பவளுக்குக் கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருக்கும்.

நேரில் வரமுடியாது அக்கா. பண்ணைக்கு நோய் வந்துவிடும் என்பதால் வெளியே போய்வருவதைக் குறைத்துக்கொள்கிறோம். ஷெட்டுக்குள் நுழைகிறவர்கள் காலை மருந்துத் தண்ணீரில் நனைத்துத்தான் வரவேண்டும். அவர் இதில் மிகவும் கண்டிப்பு.

ரஞ்சனி

*

மாரமங்கலம்,
2.9.2024

அன்பு ரஞ்சனிக்கு, சுகம், சுகமே வேண்டும்.

உன் வரைபடத்தை வராந்தாத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தோம். அதிகாரி சப்பணமிட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். "யாருங்க வரைஞ்சது?" என்றார். "என் தங்கச்சிங்க, கோழிப்பண்ணையில இருக்கா" என்றேன். "கோழிப்பண்ணையிலயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். ஒரு கோடும் மாற்றாமல் ஒப்புக்கொண்டார். தங்கராஜ் என்பவர் ஒப்பந்தம் எடுத்திருக்கிறார்.

இன்னொன்று. வேலை முடியும்வரை மேற்பார்வைக்கு டிப்ளமோ படித்த ஒருவரைப் பஞ்சாயத்து வைத்துக்கொள்ளலாமாம். மலையிலேயே பிறந்தவராக இருந்தால் முன்னுரிமை. உன் பெயரைச் சொல்லிவிட்டேன். சான்றிதழ்களின் நகல் மட்டும் அனுப்பு. பத்து மாதம். சௌமியாவை இங்கேயே பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வாரம் ஒருமுறை வந்துபோகட்டும்.

இனி ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லு. உன் இரண்டு கடிதத்தையும் நேற்று மறுபடி படித்தேன். சுவர் எப்படி இருக்கிறது, ஜன்னல் எப்படி இருக்கிறது என்றுதான் முழுக்க முழுக்க எழுதியிருக்கிறாய். 'நாங்கள் நலம்' என்பதற்குமேல் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. என்னம்மா?

அக்கா

*

நாமக்கல்,
25.9.2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, பிரபாகர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குணமாகியிருக்கும் என நம்புகிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ரஞ்சனி மீது தாங்கள் வைத்திருக்கும் பாசத்திற்கு நன்றி. ஆனால் அவளுக்கு உடம்பு முன்போல் இல்லை. கண் வலிக்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை. அந்தக் கட்டட வேலையை மனதில் போட்டுக்கொண்டதிலிருந்துதான் இப்படி. குழந்தையின் படிப்பையும் பார்க்க வேண்டும். அவளால் வேலைக்கு வர இயலாது என்பதைத் தங்களிடம் சொல்லச் சொன்னாள். அவளே எழுதச் சங்கடப்படுகிறாள்.

பக்கத்துப் பண்ணைகளில் நோய் இருப்பதாகப் பேச்சு. ஆகவே நிலைமை சரியாகும்வரை தாங்கள் யாரும் இங்கு வரவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அவளை நான் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தாங்கள் கவலைப்படத் தேவையில்லை. இனிக் கடிதம் எழுதி அவள் மனதைக் கலைக்காமல் இருந்தால் அதுவே பேருதவி.

இப்படிக்கு,
பிரபாகர்

*

21.10.2024

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைக் கீர்த்திகா கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவள் முகவரிக்கே போடு. கோழிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை வருகிற பெண். அவளாகவே கேட்டாள், "அக்கா, நீங்க வெளியே போயி எத்தனை நாளாச்சுங்க?" என்று. யோசித்துப் பார்த்தேன். பதினோரு மாதம்.

உன் கடைசிக் கடிதத்தை அவரே எனக்குப் படித்துக் காட்டினார். வேலை என்ற இடம் வந்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை அக்கா. கெட்ட வார்த்தை பேசியதில்லை. அடித்திருந்தால் உன்னிடம் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கேட் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. திருடர் பயம் என்பார். போன் கேட்டால், "யாருகிட்டப் பேசோணும் சொல்லு, நானே போட்டுத் தரேன்" என்று போட்டுக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என் சான்றிதழ்கள் அவர் பீரோவில். சௌமியாவைப் பள்ளிக்கு அவரே விட்டு, அவரே கூட்டி வருகிறார். வரைபடத்தைப் பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்கியே" என்று அவரேதான் தபாலில் சேர்த்தார். மறுநாள் என் ஸ்கேலும் பென்சில் பெட்டியும் காணோம். கேட்டேன். "கண்ணு கெட்டுரும் சாமி" என்றார். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பா வேண்டாம் என்றார். நான்தான் இவரைக் கட்டுவேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். நீ எனக்காக அப்பாவிடம் சண்டை போட்டாய். போன தீபாவளிக்கு நீ வந்தாயே, பலகாரம் வைத்து, உன் பஸ்ஸுக்கு அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டாரே, என் காதில் நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நல்ல மனுஷன்டி, குடுத்து வெச்சவ நீ" என்றாய். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

நீ வராதே. வந்தால் உன்னை நன்றாகக் கவனித்து அனுப்பிவிடுவார். கேட் பகல் முழுக்கத் திறந்திருப்பது முட்டை ஓய்ந்த கோழிகளை லாரியில் ஏற்றும் நாளில் மட்டும். அடுத்தது நவம்பர் பதினொன்று. எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ரஞ்சனி

*

மாரமங்கலம்,
28.10.2024

ரஞ்சனி கண்ணு,

தாளை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை என்ன செய்வது?

பதினொன்றாம் தேதி நானும் மாமாவும் ஜீப்பில் வருகிறோம். பண்ணைக்கு வரமாட்டோம். சௌமியா பள்ளிக்கு எதிரே இருக்கும் பேக்கரி வாசலில் ஒன்பது மணியிலிருந்து நிற்போம். நீ கேட்டைத் தாண்டி அரை மைல் நடந்தால் போதும். துணிமணி ஒன்றும் எடுக்காதே. சான்றிதழையும் விட்டுவிடு. நீ வந்தால் போதும். குழந்தையைச் சேர்ந்து போய்க் கூட்டிக்கொள்ளலாம்.

அக்கா

*

25.11.2024

அக்கா,

அன்று நீங்கள் நான்கு மணிவரை நின்றதாகக் கீர்த்திகா சொன்னாள். மாமா மதியம் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள். உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

என்னை யாரும் தடுக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு லாரி வந்தது. கேட் விரியத் திறந்திருந்தது. அவர் ஷெட்டின் பின்புறம் ஆட்களோடு நின்றிருந்தார். நான் செருப்புப் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் வந்தேன். லாரிச் சக்கரம் இறங்க மருந்துத் தண்ணீர்க் குழி இருக்கும், அதன் ஓரத்தில் நின்றேன். எதிரே தார் ரோடு. ஒரு பஸ் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்தாள். ரோட்டில் நடந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கி நடக்க வேண்டும் என்றுகூட எனக்கு மறந்துவிட்டதுபோல இருந்தது. பேக்கரிக்கு வழி கேட்பதை மனதுக்குள் சொல்லிப்பார்த்தேன்.

அப்போது லாரிக்காரர், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி திரும்போணும்" என்றார். தள்ளி நின்றேன். உள்பக்கமாக.

பிறகு போய் ரசம் வைத்தேன். மதியம் அவர் சாப்பிட்டுவிட்டு ரசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

இனி எனக்காக வராதே அக்கா. பூட்டு கேட்டில் மட்டும் இருந்தால் நீ வந்து திறந்துவிடலாம். கட்டடம் எதுவரை வந்திருக்கிறது என்று மட்டும் எழுது.

ரஞ்சனி

*

மாரமங்கலம்,
20.1.2025

அன்பு ரஞ்சனிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. டிசம்பர் மழையில் மண் சரிந்து மலைப் பாதை அடைபட்டது. கீர்த்திகாவும் விடுப்பில் போய் இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை கண்ணு. இல்லவே இல்லை. மாமா மட்டும் அவ்வப்போது, "இன்னொரு தடவ போய் நின்னு பாக்கலாமா?" என்று கேட்கிறார்.

கட்டடத்தைப் பற்றிக் கேட்டாய். கூடத்தில் திறப்பு வைத்தாயிற்று. ஜன்னல்களை இறக்கியாயிற்று. தரையில் படுத்தால் சில்வர் ஓக் மரங்களும் அதற்குக் கீழே காப்பித் தோட்டமும் தெரிகின்றன. கணப்பு வாயில் போகி அன்று முதல்முறையாகக் களி கிண்டினோம். புகை ஒழுங்காக மேலே போனது. காளியாயி ஒரு உருண்டை உருட்டிக் கணப்புக்கு மேலே வைத்து, "தொரைக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

ஆனால் சாய்தளம் கெட்டுவிட்டது. தங்கராஜ் உன் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். திருப்பம் இல்லை. நாற்பத்திரண்டு அடியிலேயே மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். செங்குத்தாக நிற்கிறது. சொன்னேன். "மெம்பருங்க, ரேம்ப்புன்னா ரேம்ப்புதான். நீங்க டிப்ளமோ படிச்சவங்களா?" என்றார். அதிகாரியும் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் இன்னும் மலை ஏறவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மீனாட்சி என்ற பெண் தங்க வந்தாள். எட்டாவது மாதம். பாதை மறுபடி அடைபட்டால் என்ன செய்வது என்று முன்னாலேயே வந்துவிட்டாள். முதல் ஆள் அவள்தான் என்று சந்தோஷமாகப் பொட்டு வைத்துக் கூட்டிப்போனோம். சாரலில் தளம் நனைந்திருந்தது. பாதி ஏறியவள் சறுக்கி, கைப்பிடியும் இல்லாமல், அடிவரை உருண்டாள். சேலம் கொண்டுபோனோம். அன்றே பிரசவம். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்துவிடுவார்கள் என்கிறார் டாக்டர்.

இப்போது ஒருத்தியும் அந்தப் பக்கம் வருவதில்லை. பங்களாவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். உன்னைக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. உன் கை வரைந்தது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அக்கா

*

மேட்டு பங்களா,
9.3.2025

திரு. பிரபாகர் அவர்களுக்கு,

சிவரஞ்சனி எழுதுவது. நானும் சௌமியாவும் நலம். உங்கள் நலம் அறிய விரும்புகிறேன். இது வழக்கத்துக்காக எழுதியது இல்லை. ஒன்பது வருஷம் உங்களுக்குச் சமைத்துப் போட்டவள் நான்.

யாரோ என் மனதைக் கலைத்து இழுத்துக்கொண்டு போனதாக நீங்கள் ஊரில் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். பிப்ரவரி மூன்றாம் தேதி காலை முட்டை வண்டி வந்திருந்தது. கேட் திறந்திருந்தது. சௌமியாவுக்குச் சீருடை போட்டு, அவள் பையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நான் உங்கள் எதிரிலேயே வந்தேன்.

"எங்க?" என்றீர்கள்.

"ஏற்காட்டுக்குங்க. சாய்தளத்தைத் தப்பாக் கட்டிட்டாங்க. ஒரு பொண்ணு உழுந்துட்டா. இடிக்கோணும்."

நீங்கள் வண்டிக்காரரைப் பார்த்துச் சிரித்தீர்கள். "எம் பொண்டாட்டி இஞ்சினியருங்க" என்றீர்கள். அவரும் சிரித்தார். "சாயங்காலம் வந்துரு சாமி" என்றீர்கள். நான் கேட்டைத் தாண்டினேன். உங்களுக்கு அப்போது நம்பிக்கை இருந்தது. எனக்கும் என்மேல் சந்தேகம் இருந்தது. அதற்கு முன் ஒருமுறை ஆள் இல்லாத கேட்டில் நின்று திரும்பி வந்தவள் நான். இந்த முறை எனக்காகப் போயிருந்தால் இப்போதும் திரும்பியிருப்பேன். அந்தப் பெண் விழுந்த இடத்தில் என் கோடு இருக்க வேண்டியது. அந்தக் கோபத்தில்தான் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகப் பங்களாவுக்குப் போனேன். வெளிச்சுவர் வேலையில் நின்றிருந்த தங்கராஜ், "நீங்க யாருங்க?" என்றார். "இதை வரைஞ்சவங்க. கடப்பாரை எடுக்கச் சொல்லுங்க" என்றேன். புது அதிகாரி வந்து பார்த்து என் பக்கம் நிற்கும்வரை மூன்று நாள் இழுத்தார். பிறகு இடித்தார். இப்போது எண்பத்து நான்கு அடிச் சாய்தளம் நிற்கிறது. நான்கு பெண்கள் தங்கியிருக்கிறார்கள். மீனாட்சி குழந்தையோடு வந்து ஒருமுறை மெதுவாக ஏறி, ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீங்கள் மறு சனிக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். எல்லாரிடமும் அன்பாகப் பேசினீர்கள். நீங்கள் போனபின் காளியாயி அக்காவே என்னிடம், "நல்ல பையனாத்தான் தெரியறான், போயிரு கண்ணு" என்றாள். இங்கே பாதிப்பேர் உங்கள் பக்கம்தான். இருக்கட்டும். சௌமியாவை நீங்கள் வந்து பார்க்கலாம். இங்கே, பகலில், நான் இருக்கும்போது. என் சான்றிதழ்களைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பாவிட்டாலும் நகல் வாங்க விண்ணப்பித்துவிட்டேன்.

நீங்கள் என்னை அடித்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறீர்களாம். உண்மைதான், நானும் அதையே சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். நேற்று ஒண்டிக்கடைக்கு ஆணி வாங்கப் புறப்பட்டேன். கூடம் காலியாக இருந்தது. வாசலில் வந்து நின்றேன். யாரிடம் கேட்டுவிட்டுப் போவது என்று நின்றேன். கேட்க யாரும் இல்லை, கேட்கவும் வேண்டியதில்லை என்று தெரிந்தே நின்றேன். காப்பி வடிகட்டும் நேரம் நின்றிருப்பேன். தினமும் இப்படித்தான்.

பிறகு போய் ஆணி வாங்கி வந்தேன்.

சிவரஞ்சனி